ரைட் சொன்னது யார்?

ஜூன் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் உன் மருமகள் வாயாடியும் நலமாகத்தான் இருக்கிறோம். உன் முதுகுவலி குறைந்ததா, இல்லை இன்னும் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டே காலம் தள்ளுகிறாயா? பணிமனையில் உன்னைத் தவிர வேறு மெக்கானிக்கே இல்லையா என்று அண்ணி கேட்பதில் தப்பே இல்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அண்ணியின் தம்பி ஓட்டுகிற அதே பள்ளிப் பேருந்தில்தான். அவர் சொல்லித்தான் கிடைத்தது என்று அண்ணியிடம் மறக்காமல் சொல். பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் நான் 'வாகனப் பாதுகாப்பு உதவியாளர்'. பிள்ளைகளுக்கு 'பஸ் அக்கா'. வாயாடியும் இனிமேல் என்னோடு இதே பேருந்தில்தான். நாலாம் வகுப்பு படிக்கிறவளுக்கு நாற்பது பேர் காது கிடைத்திருக்கிறது, கேட்க வேண்டுமா!

என்னோடு இன்னொரு அம்மாவும் இருக்கிறார். பிள்ளைகளை இறக்கி, கூட்டிப்போய், வீட்டு ஆளின் கையில் ஒப்படைப்பது என் வேலை. அந்த அம்மா படிக்கட்டில் நின்று, எல்லாரும் விலகிவிட்டார்கள் என்று பார்த்து 'ரைட்' சொல்ல வேண்டும். ரைட் கேட்காமல் உன் மச்சான் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார். நேற்று அந்த அம்மா தும்மினார். இவர் திரும்பி, "அது ரைட்டா, தும்மலா? தெளிவா சொல்லுங்க" என்கிறார். பேருந்தே சிரித்தது. நீ அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தது இங்கே பிள்ளைகள் வரைக்கும் பரவிவிட்டது.

ஒரே குறை, வண்டியின் முன்மூக்கில் இருக்கிற உருண்டைக் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

ஜூன் 24

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். தும்மல் கதைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். தம்பி என்றால் அவளுக்கு அப்படி ஓர் இது. உனக்கும் வாயாடிக்கும் உடம்புக்கு எப்படி? இரண்டு வருஷமாக நீ தனியாளாகத் தவித்ததற்கு இந்த வேலை ஒரு பிடிமானம். விட்டுவிடாதே.

தொழில்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. பேருந்து ஓட்டுகிறவனுக்கு வண்டியின் மூக்குக்கு நேர் கீழே ஒன்றும் தெரியாது. பெரிய ஆள் நின்றால் தலை தெரியும். உன் பஸ்ஸில் வருகிற சின்னதுகள் நின்றால் அதுவும் தெரியாது. அந்த உருண்டைக் கண்ணாடி இருப்பதே அதற்குத்தான். ஆபீஸில் போய் நச்சரி. உனக்கு நச்சரிக்கவா சொல்லித்தர வேண்டும்?

மருமகளுக்கு என் முத்தம்.

அண்ணன்

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். பதில் போட நாளாகிவிட்டது, கோபப்படாதே. சாயங்காலம் வீடு வந்தால் கால் என்னுடையது மாதிரியே இல்லை.

என்னோடு இருந்த அம்மாவை வேறு பேருந்துக்கு மாற்றிவிட்டார்கள். "ஒரு பஸ்ஸுக்கு ஒரு ஆள் போதும்" என்று ஆபீஸில் முடிவு. அதே நாளில் இன்னொரு தடத்துப் பிள்ளைகளையும் எங்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அறுபத்து மூன்று பேர். கண்ணாடியைப் பற்றி நிதானம் மூன்றாவது தடவை எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டு, "பாக்கறோம்" என்றார்கள். என்னத்தைப் பார்க்கிறார்களோ.

மருந்துக்கடை நிறுத்தத்தில்தான் பெரிய திண்டாட்டம். அங்கே ஐந்து குட்டிகள் இறங்குவார்கள். வீடெல்லாம் குறுகிய சந்துக்குள், பேருந்து நுழையாது. நான் அவர்களைச் சந்துக்குள் கூட்டிப்போய் வாசலில் விட்டுத் திரும்புவதற்குள் பின்னால் நிற்கிற வண்டிகள் காதைக் கிழித்துவிடுகின்றன. அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். பேருந்து அப்படியே சுற்றி அடுத்த தெருவுக்குப் போகும், நான் சந்து வழியாக நடந்து அந்தப் பக்கம் ஏறிக்கொள்வேன். சரி, ரைட் சொல்வது யார்? சந்து முனையில் நின்று நான் கையைத் தூக்குவேன். ஓட்டுகிற இடத்திலிருந்து அவருக்கு நான் தெரிய மாட்டேன். படிக்கட்டில் நிற்கிற வாயாடிக்குத் தெரியும். என் கையைப் பார்த்ததும் அவள் "ரைட்!" என்பாள், அச்சு அசல் என் குரலில். "உத்தரவுங்க, கண்டக்டரம்மா" என்று இவர் சலாம் போட்டு வண்டியை எடுப்பார். உன் மருமகள் தரையில் நிற்கவில்லை போ.

அந்த ஐந்தில் ஒருத்தி பட்டாணி. அவ்வளவுதான் இருப்பாள். தினம் எதையாவது கீழே போடாமல் அவளால் ஒரு படி இறங்க முடியாது.

அண்ணிக்கு இந்த ரைட் விஷயத்தை வாசித்துக் காட்டாதே. சின்னப் பிள்ளை சொல்லி வண்டி எடுக்கிறாயா என்று தம்பியைப் பிடித்துக் காய்ச்சிவிடுவார்.

தங்கை

ஆகஸ்ட் 22

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். சந்து வரைக்கும் வாசித்துவிட்டு மிச்சத்தை விழுங்கிவிட்டேன். உன் அண்ணிக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒன்பது வயதில் கண்டக்டர் வேலை பார்க்கிற மருமகள் எவனுக்கு வாய்ப்பாள்! பணிமனையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். எங்கள் ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. "பெரியவங்க வேலையைப் பிள்ளைகிட்ட குடுக்காதீங்கப்பா" என்றார். அவர் எதற்குமே சிரிக்காத மனிதர், விடு.

மூன்று தடவை எழுதியும் கண்ணாடி வரவில்லை என்றால் அந்த ஆபீஸுக்கு என்ன கேடு? நிதானத்தை, எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு நகல் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்.

அண்ணன்

அக்டோபர் 9

அண்ணா,

அண்ணி போனில் அழுததை வைத்து உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

போன மாதம் இருபத்தாறாம் தேதி, மருந்துக்கடை நிறுத்தத்தில், பட்டாணி எங்கள் வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

அவளுடைய ரப்பர், பென்சில் வைக்கிற டப்பா விழுந்து வண்டியின் முன்னால் உருண்டிருக்கிறது. எடுக்கக் குனிந்திருக்கிறாள். நான் சந்து முனையில் மற்ற நாலு பேரோடு இருந்தேன். ஒருத்தி குறைகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன், வண்டி நகர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பிழைக்கவில்லை. அவள் அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்து ஓடி வந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. என்னைத் திட்டக்கூட இல்லை. "சாயங்காலம் பசியோட வருவாளே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிதானத்தைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. வாயாடிக்குக் காய்ச்சல். வேறொன்றும் எழுத வரவில்லை.

தங்கை

அக்டோபர் 18

அன்புத் தங்கைக்கு,

மனதைத் தேற்றிக்கொள் என்று எழுதக் கை வரவில்லை. காய்ச்சல் விட்டதா?

உன் அண்ணி சாப்பிட்டு நாளாகிறது. என் தம்பி ஈ எறும்புக்குக்கூட நின்று போகிறவன் என்று நாள் முழுதும் சொல்கிறாள். அது எனக்கும் தெரியும். தும்மலுக்கே திரும்பிப் பார்க்கிற ஆள் ரைட் கேட்காமல் வண்டியை எடுத்திருக்க மாட்டான்.

வக்கீல் போன் செய்தார். அவர் சொல்வது இதுதான். ரைட் கேட்டுத்தான் எடுத்தான் என்றால் கேஸே வேறு. அப்புறம் ஏன் ஒரே ஆளை வைத்தீர்கள், ஏன் கண்ணாடி போடவில்லை என்று பள்ளிக்கூடத்தையும் இழுக்கலாம். ரைட் இல்லாமல் எடுத்தான் என்றால் முழுப் பழியும் அவன் ஒருத்தன் தலையில். அவனோ ஸ்டேஷனில் "ரைட் கேட்டுச்சு" என்று சொல்லியிருக்கிறான். "யார் சொன்னது?" என்றால், "தெரியல" என்கிறானாம். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். நீ ரைட் சொன்னாயா? ஒரே வரியில் பதில் எழுது. உடனே எழுது.

அண்ணன்

நவம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே ஒரு மாதமாக மழை. துணி காய்வதில்லை, அறை முழுக்க ஈர நாற்றம். வீட்டுச் சொந்தக்காரர் கூரை ஒழுகலைச் சரி செய்துவிட்டார். என்னைப் பேருந்திலிருந்து எடுத்துப் பள்ளிக்கூட நூலகத்தில் போட்டிருக்கிறார்கள். புத்தகத்துக்கு அட்டை போடுகிறேன்.

அந்த விபத்து நடந்த மூன்றாம் நாளே எல்லாப் பேருந்துக்கும் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. எல்லாப் பேருந்திலும் இப்போது இரண்டு ஆள். கதவுக்கு மேலே 'குழந்தைகளின் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நிதானம் எழுதிக் கொடுத்த மூன்று காகிதமும் ஆபீஸில் இல்லையாம். அவர் நகல் வாங்கவில்லை. "விதிமுறையெல்லாம் சரியாத்தான் வச்சிருந்தோம், ஆட்கள் கடைப்பிடிக்கல" என்று மேலாளர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். நான் ரைட் சொல்லவில்லை. போலீஸிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணியின் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

டிசம்பர் 20

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் பதிலை வக்கீலுக்குச் சொல்லிவிட்டேன். "அப்போ அவர் காதில ஏதோ விழுந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். உன் அண்ணியிடம் சொன்னபோது அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

போன வாரம் அவள் சிறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தாள். உன் வீட்டுப் பக்கம் வரவில்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவன் இளைத்துவிட்டானாம். இருந்த கால் மணி நேரத்தில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "வாயாடி ஸ்கூலுக்குப் போறாளாக்கா?" இவள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதிருக்கிறாள்.

நான் என்ன நினைத்தேன் என்று எழுதப் போவதில்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன், நீ ஒரு பதில் சொன்னாய். அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

குளிர் அதிகம் என்கிறார்கள். போர்த்திக்கொண்டு படுங்கள்.

அண்ணன்

பிப்ரவரி 4

அண்ணா,

இதைப் பணிமனை முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் அண்ணி பிரிப்பார்.

தீர்ப்பு வந்துவிட்டது, உனக்குத் தெரியும். இரண்டு வருஷம். தீர்ப்பு வாசிக்கும்போது நான் பின் பெஞ்சில் இருந்தேன். நிதானம் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், 'விடு' என்கிற மாதிரி. மேல்முறையீட்டுக்கு அடுத்த மாதம் நாலாம் தேதி வரைதான் நேரம். "புதுசா ஒரு சாட்சி இல்லாம போட்டு பிரயோஜனமில்ல" என்று வக்கீல் என்னிடமும் சொன்னார்.

ரைட் சொன்னது வாயாடி. நீ அப்போதே தெரிந்துகொண்டிருப்பாய். அந்தக் குரலை நிதானத்துக்கும் தெரியாதா? தினம் சலாம் போட்ட குரல். அவளுக்காகத்தான் 'தெரியல' என்று சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். நானும் அவளுக்காகத்தான் பேசவில்லை என்று இவ்வளவு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அது பொய். இன்னொன்று இருக்கிறது.

அன்றைக்கு நான் திரும்பியபோது வண்டி நகரவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தது. பட்டாணி வண்டிக்கு முன்னால் போவதைப் பார்த்தேன். 'நில்லுடி' என்று சொல்வதற்காகக் கையைத் தூக்கினேன். வாய் வருவதற்கு முன்னால் கை வந்துவிட்டது. வாயாடி என் கையைப் பார்த்தாள். தினம் என்ன செய்வாளோ அதைச் செய்தாள்.

பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை அண்ணா. நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தாள். போலீஸ் கேட்டபோது இதைச் சொல்லியிருக்கலாம். நான் உள்ளே போனால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதுவும் முழு நிஜமில்லை. பயந்தேன். பட்டாணியின் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேன்.

காய்ச்சல் விட்ட மறுநாள் வாயாடி என்னிடம் கேட்டாள். "அம்மா, நீ கை தூக்கினதானே?"

நான், "இல்ல" என்றேன்.

"தூக்கினியேம்மா. நான் பாத்தேன்."

"இல்லடி. உனக்குத் தோணியிருக்கு."

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. எதையுமே கேட்பதில்லை. பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், சாப்பிடுகிறாள். டீச்சர் கூப்பிட்டு, "இப்பல்லாம் ரொம்ப நல்ல பிள்ளையாயிட்டா, சத்தமே இல்ல" என்று பாராட்டினார். போன வாரம் அவளே வந்து, "நான்தான் சொன்னேன்னு போய் சொல்லிடட்டுமா? வண்டி மாமாவை விட்டுடுவாங்க" என்றாள். அவள் வாயைப் பொத்தினேன். இந்தக் கையாலேயே.

எனக்குத் தனியாகத் துணிவு வரவில்லை. 'போய்ச் சொல்' என்று நீ இரண்டு வார்த்தை எழுது. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி சேர்த்து எழுது. மறுநாளே போய்ச் சொல்லிவிடுகிறேன். தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் தங்கை

மார்ச் 5

தங்கைக்கு,

உன் கடிதம் போன மாதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. தபாலில் தாமதம் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இருபத்தைந்து நாள் அது என் வேலைச் சட்டைப் பையில் இருந்தது. தினம் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் படித்தேன். கிரீஸ் பட்டுப் பாதி எழுத்து போய்விட்டது, ஆனால் எனக்கு மனப்பாடம்.

எட்டாம் தேதியே பதில் எழுதினேன். 'போய்ச் சொல்' என்றுதான் எழுதினேன். பிள்ளையை இங்கே அனுப்பிவிடு என்று அடுத்த வரி எழுத வேண்டும். அங்கே நின்றுவிட்டேன். இங்கே என்றால் உன் அண்ணியின் கையில். தன் தம்பியை நாலு மாதம் உள்ளே வைத்தவளின் பிள்ளைக்கு அவள் தலை வார வேண்டும். வாருவாள், அவள் நல்லவள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்பாள். "உங்களுக்கு எப்போ தெரியும்?" ஆகஸ்டில் நீ எழுதினாய், நான் சிரித்தேன். எங்கள் ஃபோர்மேன் சொன்னதைக்கூட உனக்கு நான் ஒரு வேடிக்கையாகத்தான் எழுதினேன். டிசம்பரில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுநாள் எழுதலாம் என்று வைத்தேன். மறுநாளும் அப்படியே. உன் தப்பு, கையைத் தூக்கியது. எனக்குக் கை எழும்பவே இல்லை.

நேற்று நாலாம் தேதி. சாயங்காலம் வக்கீல் போன் செய்தார். "கடைசி நிமிஷத்தில யாராவது வருவாங்கன்னு பாத்தேன், ஒருத்தரும் வரல" என்றாராம். உன் அண்ணி போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஏங்க, உங்க தங்கச்சிகிட்டேருந்து லெட்டர் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். "பாவம், அவளும்தான் எவ்வளவு தாங்குவா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோர்ட்டில் சொல்லாவிட்டாலும் வாயாடியிடமாவது உண்மையைச் சொல்லிவிடு என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். அம்மா கை தூக்கினது நிஜம்தான், உன் மேல் தப்பில்லை என்று ஒரு தடவை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவள் வாய் திறந்தால் முதலில் வண்டி மாமாவைப் பற்றித்தான் பேசுவாள். ஊருக்கே சொல்வாள். அப்புறம் நீயும் நானும் எங்கே போவது?

அதனால் அவளிடம் ஒன்றும் சொல்லாதே.

அண்ணன்